அண்ணர் பழக்கிய இடக்கை

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து, பந்தியில் இருந்து எழும்பிக் கை கழுவியபின் இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர்களுக்கும், அண்ணரிடம் விளையாட்டுப் பழகிய தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். படங்களைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடாதீர்கள். இந்தக் கட்டுரையைக் கடைசிவரை வாசியுங்கள். அண்ணரைப் பற்றி உங்களிற் பலர் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு விடயம் பொய். அந்தப் பொய்யை எழுதியவன் நான். அதை உரிய இடத்தில் சொல்கிறேன். அதற்கு முன் அவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்ல வேண்டும்.

அண்ணர் சண்டிலிப்பாயில், புகையிலையும் மரக்கறியும் செய்கை பண்ணிய குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எனக்கும் அவருக்கும் ஐந்து வயது வித்தியாசம். இடையில் பிறந்த பெண்பிள்ளை தங்கவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்தபின் பட்டணத்துக் கல்லூரிக்குச் சைக்கிளில் போய்ப் படித்தார். அங்கேதான் கூடைப்பந்து அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் உயரமான ஆள் இல்லை. அணியில் அவரே கட்டை. "உயரம் கடவுள் குடுக்கிறது. கால் நாங்கள் பழக்கிறது" என்று சொல்வார். கடைசி வருடம் அணித் தலைவராக இருந்தபோது, கொழும்பில் நடக்கவிருந்த அணித் தெரிவுக்கு வரும்படி அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அந்தக் கிழமைதான் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து படுத்த எங்கள் ஐயா எழும்பவில்லை. அண்ணர் கடிதத்தை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டுத் தோட்டத்தில் இறங்கினார். பிறகு கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை கிடைத்தது. அந்த உழைப்பில்தான் நான் பல்கலைக்கழகம் வரை படித்தேன். கடிதத்தைப் பற்றி அவர் ஒருநாளும் கதைத்ததில்லை. ஆனால் வருடா வருடம் பழைய பஞ்சாங்கத்தில் இருந்து புதியதற்கு அதை மாற்றி வைப்பார். நான் கண்டிருக்கிறேன்.

அவருடைய முதல் மாணவன் நான். எனக்குப் பத்து வயது இருக்கும். வீட்டு வளவில் நின்ற பனையில் ஒரு வளையத்தை அடித்து, என் வலக்கையைத் துவாயால் முதுகோடு சேர்த்துக் கட்டிவிட்டு, இடக்கையால் பந்தைத் தட்டச் சொன்னார். பந்து என் காலில் பட்டுப் பட்டு ஓடியது. நான் அழுதேன். அம்மா குசினிக்குள் இருந்து சத்தம் வைத்தார்.

"எடே, உவனை முடமாக்கிப் போடாதை!"

"சாப்பாட்டையும் திருநீறையும் விட்டிட்டு மிச்சமெல்லாம் இனி இவனுக்கு இடக்கைதான் அம்மா."

பிறகு என் முன்னால் குந்தியிருந்து சொன்னார்: "வலக்கை எல்லாருக்கும் இருக்கு, தம்பி. எதிரிக்கும் அது தெரியும். உனக்கு இடக்கை இருக்கிறது வீட்டுக்காரரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

பல் துலக்குவது, வாளி தூக்குவது, கதவு திறப்பது எல்லாம் இடக்கையானது. எழுத்தும் அப்படியே. நாளுக்கு ஒரு பக்கம் இடக்கையால் எழுதிக் காட்டினால்தான் பந்து கைக்கு வரும். என் எழுத்துகள் எல்லாம் இடப்பக்கமாகச் சரிந்து நிற்கும். அண்ணர் கொப்பியைத் தூரப் பிடித்துப் பார்த்துச் சிரிப்பார்.

"என்னடா இது, காத்துக்குச் சாஞ்ச வாழைத்தோட்டம் மாதிரிக் கிடக்கு. நிமித்தடா!"

நிமிரவில்லை. மூன்று வருடம் எழுதியும் நிமிரவில்லை. அவரும் கடைசியில் விட்டுவிட்டார். வீட்டில் என் இடக்கை எழுத்துக்கு 'வாழைத்தோட்டம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நான் நல்ல ஆட்டக்காரன் ஆகவில்லை. படித்துக் கணித ஆசிரியராகி, நாங்கள் இருவரும் படித்த அதே கல்லூரிக்கு வந்து சேர்ந்தேன். அதற்கு முன்பே அண்ணர் அங்கே கூடைப்பந்துப் பயிற்றுநர் ஆகியிருந்தார். பின்னேரம் சங்கக்கடையைப் பூட்டிவிட்டு நேரே மைதானத்துக்கு வருவார். கையில் சீனியும் மண்ணெண்ணெயும் மணக்கும். ஏறத்தாழ முப்பது வருடம் அப்படி வந்தார்.

பயிற்சியின் முதல் அரை மணித்தியாலம் பந்து வெளியே வராது. கால்தான். ஓடு, நில், திரும்பு, பின்னுக்குப் போ. புதுப் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். "மாஸ்ரர், பந்து எப்ப?" என்று ஒருவன் கேட்டான். "பந்து எங்கையும் ஓடாது, ராசா. அது சாக்குக்குள்ளை கட்டிக் கிடக்கு. உன்ரை கால்தான் இன்னும் வந்து சேரேல்லை" என்றார். தோற்ற நாளில் ஒருவரையும் ஏசமாட்டார். எல்லோரும் போனபின் படியில் இருந்து தானே பந்தைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசுவார். வென்ற நாளில் அந்த வேலை அணித் தலைவருக்கு.

போர்க்காலத்தில் புதுப் பந்து கண்ணால் காணக் கிடைக்காது. சைக்கிள் ரியூப் ஒட்டுப் போட்டு, சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்துத் தைப்பித்து, ஒரே பந்தை நாலு வருடம் ஆடவைத்தார். இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது, மைதானத்தில் ஒரு கம்பம் மட்டும் நின்றது. தார்ப் பீப்பாவின் வளையத்தைக் கொல்லரிடம் கொடுத்துச் சுருக்கி ஒட்டுவித்து அதில் ஏற்றினார். வலை இல்லை. குருநகரில் இருந்து வந்து படித்த அன்ரன் என்ற பிள்ளையின் தகப்பன், மீன்வலை நூலால் ஒரு வலை பின்னிக் கொடுத்தார். பந்து அதற்குள் விழுந்தால் கடலுக்குள் இருந்து எதையோ இழுப்பது போல ஒரு சத்தம் வரும். பக்கத்துச் சந்தியில் இராணுவக் காவலரண் இருந்தபடியால் அண்ணர் விசில் ஊதமாட்டார். இரண்டு கையையும் தட்டித்தான் ஆட்டத்தை நிறுத்துவார். இன்றும் யாராவது இரண்டு தரம் பலமாகக் கைதட்டினால் நான் நடையை நிறுத்திவிடுவேன்.

அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. போட்டி நடக்கும் கிழமையில் இரண்டு நாள் பயிற்சிக்கு வராதவர், எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஆனாலும், போட்டி முழுவதும் ஆடாமல் வெளியே வாங்கில் இருக்க வேண்டும்.

என் மகன் சுதன் அவருடைய அணியில் ஆடினான். நல்ல ஆட்டக்காரன், இடக்கை வலக்கை இரண்டும் ஓடும். ஆனால் அது அவன் உயர்தரப் பரீட்சை எழுதும் வருடம். எங்கள் ஊர்ப் பெற்றோருக்குப் பரீட்சை என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. பட்டணத்து வேறொரு கல்லூரியோடு இறுதிப் போட்டி இருந்த கிழமையில், நான் அவனை மூன்று பின்னேரம் மறித்து ரியூசனுக்கு அனுப்பினேன். சட்டம் எனக்குத் தெரியும். தம்பியின் பிள்ளைக்கு அண்ணர் அதைப் பார்க்கமாட்டார் என்று நினைத்தேன்.

அவர் பார்த்தார். சுதன் துவாயைக் கழுத்தில் போட்டபடி முழு ஆட்டமும் வாங்கில் இருந்தான். ஒரு கூடையால் தோற்றோம். எனக்குப் பக்கத்தில் நின்ற சக ஆசிரியர் ஒருவர் மெல்லச் சிரித்தபடி, "என்ன மாஸ்ரர், பெரியப்பனே இருத்திப்போட்டார் போலை கிடக்கு" என்றார். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. எல்லோரும் நிற்க நான் மைதானத்துக்குள் இறங்கினேன்.

"என்ன அண்ணை இது? அவனை ஏன் இருத்தினனீங்கள்?"

"மூண்டு நாள் வரேல்லை, தம்பி."

"நான்தானே மறிச்சனான்!"

"தெரியும். நீ மறிச்சதுக்கு உன்னை இருத்த எனக்குச் சட்டமில்லை. அவனைத்தான் இருத்தலாம்."

"சொந்தப் பிள்ளை எண்டு ஒரு எண்ணம் இல்லையோ உங்களுக்கு?"

"அந்த எண்ணம் இருந்தபடியால்தான் ஆட்டம் முடியுமட்டும் அவன்ரை பக்கம் பாக்காமல் நிண்டனான்."

நான் அதற்கு மேலும் கத்தினேன். என்ன சொன்னேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. அண்ணர் பந்தை எடுத்துக்கொண்டு படியில் போய் இருந்தார்.

இனி நான் சொல்ல வேண்டியது.

அந்தப் போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன், பயிற்சியில் அன்ரனின் புருவம் கிழிந்தது. சக ஆட்டக்காரன் ஒருவனின் முழங்கை பட்டது. அண்ணரே அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்த் தையல் போடுவித்து, குருநகரில் தாயிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். இது எனக்கு நன்றாகத் தெரியும். போட்டிக்குப் பின் வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவியும் சுதனும் கோயிலுக்குப் போயிருந்த நேரம், நான் மேசையில் இருந்து கல்லூரி அதிபருக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். கூடைப்பந்துப் பயிற்றுநர் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளை மைதானத்தில் மறித்து வைத்திருக்கிறார் என்று எழுதினேன். பிள்ளைகளை அடிக்கிறார் என்றும், குருநகர் மாணவன் ஒருவனின் புருவம் அவர் அடித்தே கிழிந்தது என்றும் எழுதினேன். 'உண்மை விரும்பும் பெற்றோர்' என்று முடித்தேன். பழைய மாணவர் சங்கச் செயலாளருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். என் வலக்கை எழுத்தைக் கல்லூரி முழுவதும் நாள்தோறும் கரும்பலகையில் பார்க்கிறது. ஆகவே இரண்டையும் இடக்கையால் எழுதினேன்.

யாருக்கும் தெரியாத கை என்று நினைத்தேன். அதை எனக்குப் பழக்கியவரைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்பது, நம்புங்கள், கடிதங்கள் தபாலில் போகும்வரை என் புத்திக்கு எட்டவில்லை.

ஒரு கிழமைக்குள் அண்ணர் பயிற்சியில் இருந்து விலகினார். ஒருவருக்கும் காரணம் சொல்லவில்லை. கடிதத்தின் பிரதி கைமாறிக் கதையாகப் பரவியது. குற்றம் இல்லாவிட்டால் ஏன் விலகுவார் என்று ஊர் கேட்டது. அவர் ஒன்றும் சொல்லாதபடியால் ஊர் தானே ஒரு மறுமொழியை வைத்துக்கொண்டது. 'கை நீட்டுகிற மாஸ்ரர்' என்ற பெயர் அன்று ஒட்டியது.

நான் என்ன செய்தேன்? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வழமைபோல அவர் வீட்டுக்குப் போனேன். வழமைபோல என்னை இருக்கச் சொன்னார். சுதனின் படிப்பை விசாரித்தார். சில வருடத்தில் நான் உப அதிபரானேன். அந்தச் செய்தியைக் கேட்டு அவர் ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தோடு வந்து, "ஐயா இருந்திருக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கல்லூரியைத் தாண்டிப் போகும் வீதியைப் பின்னேரங்களில் அவர் தவிர்ப்பதைக் கண்டேன். சங்கக்கடையில் இருந்து வீட்டுக்குச் சுற்றுவழியாகப் போவார். அதைக் கண்டும் நான் வாய் திறக்கவில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர் வாசிகசாலைக்குப் பின்னால் ஒரு கம்பம் நட்டு, பெண்பிள்ளைகளுக்குப் பழக்கத் தொடங்கினார். "பொம்பிளைப் பிள்ளையள் காற்சட்டையோடை துள்ளுறதோ?" என்று சில பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். "பாவாடையோடை துள்ளினால் விழுந்து பல்லு உடையும். பல்லுக் கட்டுறதுக்கு நீங்கள் வாறியளோ?" என்று கேட்டார். அந்தப் பிள்ளைகளில் இருவர் இன்று உடற்பயிற்சி ஆசிரியைகள். நாலு வருடத்துக்கு முன்வரையும், முழங்கால் நோவோடு கதிரை போட்டிருந்து அவர் கைதட்டும் சத்தம் என் வீடுவரை கேட்கும்.

இந்த வருடத் தொடக்கத்தில் பாரிசவாதம் வந்து அவருடைய வலப்பக்கம் விழுந்தது. பேச்சுக் கொஞ்சம் குழறினாலும் விளங்கும். நான் நாள்தோறும் வைத்தியசாலைக்குப் போனேன். ஒருநாள் மத்தியானம் இடக்கையால் கரண்டியைப் பிடித்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியே தம்பி, கடைசியிலை சாப்பாட்டுக்கும் இடக்கைதான். அம்மா இருந்தால் விட்டிருக்க மாட்டா."

நானும் சிரித்தேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "உன்ரை வாழைத்தோட்டம் இப்பவும் சாஞ்சுதான் நிக்குதோ?"

"அதை எழுதி எவ்வளவு காலம் அண்ணை."

"அண்டைக்கு நான் பாக்கேக்கை நல்லாய்ச் சாஞ்சு நிண்டுது."

"எண்டைக்கு?"

"அதிபற்றை மேசையிலை."

அவர் முகத்தில் கோபம் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார் என்று இப்போது தெரிகிறது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அவர் பந்தை என்னிடம் தந்துவிட்டார். நான் செய்தது என்ன? "தண்ணி குடிக்கிறியளோ, அண்ணை?" என்று கேட்டேன்.

"ஓம், தா" என்றார்.

அடுத்த நாளும் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஆட்கள் இருந்தார்கள் என்று சாட்டு வைத்துக்கொண்டு திரும்பினேன். மூன்றாம் நாள் விடிய அண்ணர் போய்விட்டார்.

செத்தவீட்டில் பந்தலுக்குள் இருந்த ஒரு முதியவர், "நல்ல மனிசன். எண்டாலும் கை நீட்டுவாராம்" என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். அங்கே நின்ற அன்ரன் திரும்பினார். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது.

"ஆரப்பு சொன்னது? என்ரை புருவத்தைக் கிழிச்சது உந்தா நிக்கிற சின்னராசாவின்ரை முழங்கை. இப்பவும் அவனுக்குக் கிட்டப் போகேக்கை நான் புருவத்தைக் கையாலை மறைச்சுக்கொண்டுதான் போறனான்!"

பழைய ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள். முதியவர் சிரிக்கவில்லை. "பிறகு எதுக்கு விலகினவர்?" என்று மட்டும் கேட்டார். பதில் தெரிந்த நான் அவருக்கு வெற்றிலைத் தட்டத்தை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அன்றுதான் அந்தக் காலத்து அதிபர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "அந்தக் கடிதம் வந்தவுடனை நான் விசாரணை வைப்பம் எண்டன். ஆசிரியர்மாரின்ரை எழுத்தையும் எடுத்துப் பாப்பம் எண்டன். உங்கடை அண்ணர் கடிதத்தை முழுக்க வாசிக்கக்கூட இல்லை. ஒருக்காப் பாத்தார், மடிச்சு மேசையிலை வைச்சார். 'விசாரணை வேண்டாம் சேர், நான் விலகுறன். பிள்ளையள் ஆரும் எழுதினதில்லை, அவங்களை ஒண்டும் கேக்காதேங்கோ' எண்டார். ஏனெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை."

எனக்கு விளங்கியது. விசாரணை நடந்திருந்தால் நான் உப அதிபராகியிருக்க மாட்டேன். கல்லூரியிலேயே இருந்திருக்க மாட்டேன். அதிபர் என் கையைப் பார்க்கவில்லை. ஆனாலும் நான் இடக்கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டேன்.

இந்த மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி அண்ணரின் மகள், என் பெறாமகள், கேட்டாள். "அப்பாவைப் பற்றி எல்லாம் தெரிஞ்ச ஆள் நீங்கள்தானே, சித்தப்பா." முதலில் எழுதியதில், அண்ணர் தம் விருப்பப்படி பயிற்சியில் இருந்து ஓய்வுபெற்றார் என்று ஒரு வசனம் இருந்தது. அதைக் கிழித்துவிட்டு, கனடாவில் இருக்கும் சுதனுக்குத் தொலைபேசி எடுத்து உண்மையைச் சொன்னேன். அவன் கடைசிவரை கேட்டான். பிறகு சொன்னான்: "அப்பா, அண்டைக்கு நான் அழுதது என்னை இருத்தினதுக்கில்லை. நீங்கள் எல்லாருக்கும் முன்னாலை பெரியப்பாவோடை கத்தினதுக்கு. எழுதுங்கோ."

அண்ணியிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் எழும்பிக் குசினிக்குள் போனார். அந்த வீட்டில் எனக்கு வழமையாக வரும் தேத்தண்ணி அன்று வரவில்லை. மூன்றாம் நாள் பெறாமகளிடம் சொல்லி அனுப்பினார்: "சித்தப்பாவை எழுதச் சொல்லு. ஒண்டையும் விடாமல் எழுதச் சொல்லு."

எழுதிவிட்டேன். அண்ணர் எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை. எவருடைய படிப்பையும் கெடுத்ததில்லை. குற்றம் செய்து விலகவில்லை. என்னைக் காப்பதற்காக விலகினார். இதை வாசித்தவர்கள், அந்தக் கதையை முன்பு யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடம் போய் இதையும் சொல்லுங்கள். அண்ணருக்குச் செய்யவேண்டிய கிரியைகளில் இதுவும் ஒன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கடைசி நாட்களில் அண்ணரைத் தம் தகப்பன்போலப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், பந்தல் போட்டு மூன்று நாளும் அடுப்புப் பார்த்த அயலவர்களுக்கும், மழைக்குள் பாடையைத் தோளில் இருந்து இறக்காமல் சுடலைவரை கொண்டுபோன பழைய ஆட்டக்காரர்களுக்கும், கைதட்டி அவரை அனுப்பிவைத்த வாசிகசாலைப் பெண்பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. அன்ரன் தம் கையால் பின்னிய ஒரு புது வலையைக் கொண்டுவந்து அண்ணரின் கால்மாட்டில் வைத்தார். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அச்சகத் தம்பியிடம் ஓர் உதவி கேட்டிருக்கிறேன். இதன் கீழே வரும் ஒரு வரியை எழுத்துக் கோக்காமல், நான் எழுதிக் கொடுத்தபடியே படமெடுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். "ஐயா, எழுத்தெல்லாம் ஒரு பக்கமாய்ச் சரிஞ்சு கிடக்கு. வேறை ஒண்டு எழுதித் தாறியளோ?" என்று கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்றேன். அதிபருக்கும், அந்தக் கடிதத்தை அன்று கண்ட மற்றவர்களுக்கும் பார்த்தவுடன் அடையாளம் தெரியும்.

அண்ணை, அந்தக் கடிதம் எழுதினது நான்தான்.